நன்மை வாங்காத மாமா

என் பெரிய மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நெல்லித்தோப்பில் இன்றைக்கும் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். "அவரா? தங்கமான மனுஷனாச்சே!" நானும் தலையை ஆட்டி வைப்பேன். உள்ளுக்குள் எரிச்சலாக வரும். ஒருவரைத் தங்கம் என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவரைப் பற்றி யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பம் மாமாவிடம் செய்தது அதைத்தான்.

அவர் என் அம்மாவுக்கு மூத்தவர். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லில் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பேசிப் பழகியவர்களுக்கு நடுவில் இவர் மட்டும் எப்படி இவ்வளவு மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. பழைய பெரிய சைக்கிள் ஒன்று. காலைப் பூசைக்கு மழையோ வெயிலோ போய்விடுவார். எங்கள் மாதா கோயிலில் பின்வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சு அவருடையது. அவர் வராத நாளிலும் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள்.

அத்தை கோயிலுக்கு வரமாட்டாள். அவள் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மில்லில் நூல் சுற்றும் பிரிவுக்கு வேலைக்கு வந்த இடத்தில் மாமாவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ரகளை ஆகி, கடைசியில் மேரி என்று அந்தக் காலத்து ஆட்கள் பிரெஞ்சில் சொல்லும் நகராட்சி ஆபீசில் கல்யாணத்தைப் பதிந்துகொண்டார்கள். அவளுடைய அப்பா கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாராம்: என் பெண்ணை உங்க சாமிக்கு மாத்தக்கூடாது. மாமா சரி என்று சொல்லியிருக்கிறார். அப்படியே நடந்தும் கொண்டார். அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் படத்துக்கு விளக்கு ஏற்றுவாள். அந்தப் படத்துக்கு மல்லிகைச் சரம், பூசை முடிந்து வரும் வழியில், மாமாதான் வாங்கி வருவார்.

பூசையில் அப்பம் வாங்குவதை இப்போதைய புத்தகங்களில் நற்கருணை என்று போடுகிறார்கள். எங்கள் வீடுகளில் அதற்கு நன்மை என்றுதான் பெயர். "நன்மை வாங்கினியா?" என்று அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைக் கேட்பாள். நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தேன். நாற்பது பிள்ளைகளைக் கேள்வி கேட்டுவிட்டு வருகிறவளை வீட்டில் ஒருத்தி கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? "வாங்கினேன்மா, ரெண்டு கைய நீட்டி வாங்கினேன்" என்பேன்.

நன்மை நேரம் வந்தால் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கைக்குழந்தைக்காரிகள் வரிசையில் சேருவதற்கு முன் கடைசி பெஞ்சுக்குப் போவார்கள். மாமா எழுந்து நிற்பார். குழந்தையை வாங்கித் துண்டின் மேல் சாய்த்துக்கொள்வார். வாங்கும்போது அந்தப் பெண்ணிடம் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார், ஏதோ அவருக்கு ஒரு பரிசு கொடுத்ததைப் போல. எந்தக் குழந்தையும் அவரிடம் அழுததை நான் பார்த்ததில்லை. சில நாள் ஒரு தோளில் ஒன்று, இன்னொரு கையில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்று நிற்பார். நன்மை வாங்கிவிட்டுத் திரும்பும் தாய்மார்கள் அவரவர் பிள்ளையை அடையாளம் பார்த்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. அதனால் இதற்கு ஒரு காரணம் ஊருக்கே ரெடிமேடாகக் கிடைத்துவிட்டது. பாவம், பிள்ளை இல்லாத ஏக்கம். நானும் அதைத்தான் நம்பினேன். எல்லோரும் முன்னால் போகும் நேரத்தில் அவர் மட்டும் ஏன் எப்போதும் பின்னாலேயே நிற்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயில் சாமியார், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாக நன்மை கொண்டுபோவார். முன்கூட்டியே சைக்கிளில் போய் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்வது மாமா. ஒரு சின்ன மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், ஒரு டம்ளர் தண்ணீர். எந்தக் கிழவிக்கு முழு அப்பம் விழுங்க முடியாது, எந்தக் கிழவருக்குக் காது கேட்காது, எல்லாம் அவர் சாமியாரிடம் வழியிலேயே சொல்லிவிடுவார். நன்மை கொடுக்கும்போது வாசலில் முழங்கால் போட்டு நிற்பார். பிறகு அடுத்த வீடு.

ஒரு நாள் மட்டும் அவர் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். அன்றைக்கு நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள யாருக்கும் தடையில்லை. மற்றவர்கள் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிடுவோம். அவர் கழுவமாட்டார். மறுநாளும் நெற்றியில் மங்கலாகச் சாம்பலோடு கடைத்தெருவுக்குப் போவார். "மாமா, கண்ணாடி பாக்கவே மாட்டீங்களா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன். "இருந்துட்டு போகட்டுமே கண்ணு" என்பார். கிறிஸ்துமஸைவிட அவருக்கு அந்த நாள்தான் பெரிது என்று பின்னால்தான் புரிந்தது.

சுனாமி வந்த மறு வருஷம், மழைக்காலத்தில், மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிச்சம் இருந்தது கண்ணும், ஒரு "ம்"மும்தான். புத்தி தெளிவாக இருந்தது. விழுங்குவது கஷ்டம். தண்ணீராகக் கொடுத்தால் புரையேறும், கஞ்சியைக் கெட்டியாக, ஸ்பூனில், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் கொடுத்தால் இருமல். அம்மா கொடுத்தால் பாதி கழுத்தில் வழியும். அத்தை கொடுத்தால் மட்டும் இறங்கும். ஒவ்வொரு வாய்க்கும் அவள் தெருக்கதை ஏதாவது சொல்லுவாள். எதிர்வீட்டுக்காரன் புது பைக் வாங்கி அன்றைக்கே சாக்கடையில் விட்டதை அவள் சொன்னபோது மாமா ஒரு பக்க வாயால் சிரித்தார்.

அடுத்த முதல் வெள்ளி வந்தது. கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் தானாகவே விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அத்தை எல்லாம் தயாராக வைத்திருந்தாள். மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, தண்ணீர். இத்தனை வருஷமாக மாமா ஊரெல்லாம் சொல்லிவந்ததைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். ஒரு பக்கம் முருகன் படத்து விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மாமா இத்தனை வீட்டுக்குக் கூட்டிவந்தது இன்றைக்கு நம் வீட்டுக்கு வருகிறது என்று அவளுக்குச் சந்தோஷம். புதுப் புடவை கட்டியிருந்தாள்.

சாமியார் செபம் சொல்லி, அப்பத்தில் ஒரு சின்னத் துணுக்கைக் கிள்ளி, மாமாவின் வாயருகே கொண்டுபோனார். மாமா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சாமியார் மறுபடியும் முயன்றார். மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணில் இருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"அவருக்குப் புரியல போலம்மா" என்றார் சாமியார்.

"அதெல்லாம் நல்லா புரியுது சாமி. இப்பதானே கஞ்சி குடிச்சாரு" என்றாள் அத்தை.

சாமியார் அவர் தலையில் கைவைத்துச் செபித்துவிட்டுக் கிளம்பினார். அத்தை என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுப்படியில் வைத்து அம்மா சொன்னாள். கல்யாணம் ஆன புதிதில் மாமா அப்போதிருந்த வெள்ளைக்காரச் சாமியாரிடம் போயிருக்கிறார். அவர் கடும் கோபக்காரர். அவள் ஞானஸ்நானம் வாங்கிக் கோயிலில் தாலி கட்டினால் ஒழிய நீ பாவ நிலையில்தான் இருக்கிறாய், அதுவரை நன்மைக்கு வராதே என்று சொல்லிவிட்டார். மாமா அதோடு சரி. எத்தனையோ சாமியார்கள் மாறினார்கள். அவர் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்டால் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அத்தையை மாறச் சொல்லுவார்கள் என்று பயம். மாமனாருக்குக் கொடுத்த வாக்கு வேறு. அன்றிலிருந்து அவர் நன்மை வாங்கவே இல்லை.

அத்தை வெந்துகொண்டிருந்த கஞ்சியை இறக்கி வைத்தாள்.

"அப்ப என்னக் கட்டுனது பாவமா?" என்று கேட்டாள்.

"அப்படி இல்ல அண்ணி..."

"இன்னா அப்படி இல்ல? நாப்பது வருஷத்துக்கு மேல பக்கத்துல படுத்துக்கினு, நான் ஆக்கிப் போட்டதத் தின்னுகினு, மனசுக்குள்ள என்னப் பாவம்னு நெனச்சுக்கினு இருந்திருக்காரு. பூ வேற வாங்கியாந்து குடுத்தாரு!"

நான் அன்று மாலையே சாமியாரிடம் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, நாற்காலியின் நுனிக்கு வந்து, "அவங்க மதம் மாறணும்னு யார் சொன்னது?" என்றார். ஆயர், அதாவது பிஷப், அனுமதி கொடுத்தால் போதுமாம். அவர் அவராக, அவள் அவளாகவே இருக்கலாம். எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்துவைக்கிறார்களாம். இரண்டு பேரும் சாட்சிகள் முன்னால் சம்மதம் சொன்னால் முடிந்தது என்றார்.

சண்டை போடப் போனவளுக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போயிற்று. கோபக்கார வெள்ளைக்காரர் எப்போதோ கல்லறைக்குப் போய்விட்டார். ஒரே ஒரு தரம், வேறு ஒரே ஒரு சாமியாரிடம், மாமா வாய் திறந்திருந்தால் போதும். இத்தனை வருஷமும் மிச்சம். கோயிலில் வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. சாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தப் பணிவின் மேல்தான் எனக்கு இப்போதும் கோபம்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"இப்ப போயி நான் சம்மதம்னு சொன்னாதான் நான் பொண்டாட்டியா? அப்ப இத்தினி நாளா நான் யாரு?" என்றாள்.

கேட்டுவிட்டு மாமாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் போகவே பிடிக்காமல் போயிற்று. அத்தை எதிலும் குறை வைக்கவில்லை. துடைத்துவிட்டாள், திருப்பிப் படுக்கவைத்தாள், வேளைக்குக் கஞ்சி கொடுத்தாள். பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். தெருக்கதை நின்றுபோயிற்று. மாமாவின் கண் அவள் போகும் இடமெல்லாம் போகும். அவள் அடுப்படிக்குள் போய்விட்டால் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். வாயில் வைத்த கஞ்சி இறங்காமல் நிற்க ஆரம்பித்தது. கன்னம் ஒட்டிப்போனது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, ரொம்ப நாள் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

மாமா நன்மை வாங்காமலேயே போய்விடுவார் என்று அம்மாவுக்குப் பயம். அத்தை இந்தக் கோபத்தோடு அவரை அனுப்பிவிட்டால் பிறகு அவள் எப்படி இருப்பாள் என்று எனக்குப் பயம். நாங்கள் இரண்டு பேரும் அத்தையிடம் மாறி மாறிப் பேசிப் பார்த்தோம். "உங்க அண்ணன், உங்க கோயிலு, உங்க சாமி. நீங்களே பாத்துக்குங்க" என்பாள்.

ஒரு மத்தியானம், கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு அத்தை அடுப்படிக்கு வந்தாள். அன்று மாமா ஒரு வாய்கூட விழுங்கவில்லை. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையைக் கீழே வைத்துவிட்டுத் திடீரென்று சொன்னாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன். இத வெளிய சொன்னாலே பாவம்னு பயந்துக்கினு இருந்தேன். ஒரு தடவ நான் அண்ணன்கிட்ட கேட்டேன். சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு ஒரு பெரிய வெள்ளிக்கிழமைக்காவது, ஈஸ்டருக்காவது நன்மை வாங்கேன், சாமியார் மாறிட்டாரே, மன்னிச்சிடுவாருன்னு. அதுக்கு அண்ணன் இன்னா சொல்லிச்சு தெரியுமா? பாவசங்கீர்த்தனம்னா செஞ்சதுக்கு வருத்தப்படணும்மா. அவளக் கட்டுனதுக்கு நான் வருத்தப்படவே இல்லியே. பொய் சொல்லிட்டுப் போயி ஆண்டவர எப்படி வாயில வாங்குறது? அப்படின்னுச்சு."

அத்தை கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். முகம் கோணிக்கொண்டு வந்தது. அழுகிறாளா திட்டப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள். "ஊருல இருக்கிற கொழந்தைக்கெல்லாம் பேச்சு குடுக்கத் தெரிஞ்சுது. என்கிட்ட இத ஒரு வார்த்த சொல்லத் தெரியலியே இந்த மனுஷனுக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சியை மறுபடி சூடு பண்ணினாள். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, எதிர்வீட்டு பைக் இரண்டாம் தரம் எங்கே விழுந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்சம் விழுங்கினார். முன்னைப் போல இல்லை, கொஞ்சம்தான்.

மறுநாள் என்னிடம், "அந்தச் சின்ன சாமியார வரச் சொல்லு" என்றாள். அவர் வந்ததும் நிற்கவைத்தே பேசினாள். "சாமி, நான் புதுசா எதுவும் சொல்லமாட்டேன். கழுத்துல கெடக்கிறது அன்னிக்குக் கட்டுனது. சம்மதத்த அன்னிக்கே சொல்லிட்டேன். அதுதான் செல்லும்னா செய்யிங்க. இல்லன்னா வுடுங்க."

சாமியார் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்றார். அன்றைக்குச் சொன்ன சம்மதத்தையே செல்லும் என்று ஏற்றுக்கொள்ள ஆயரால் முடியுமாம். யாரும் எதையும் திரும்பச் சொல்ல வேண்டாம். கேட்டு வாங்கி வருகிறேன் என்று ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

அனுமதிக்காகக் காத்திருந்தோம். ஒவ்வொரு நாளும் மாமாவால் விழுங்க முடிவது குறைந்துகொண்டே வந்தது. அத்தை ஸ்பூனைச் சின்னதாக மாற்றினாள். பிறகு அதிலும் பாதிதான் எடுத்தாள். என் மொபைல் அடித்தால் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்புவோம். லோன் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெண் கூப்பிட்டபோது அவளை நான் பேசிய பேச்சுக்கு அவள் வேலையையே விட்டிருப்பாள்.

அனுமதி வந்தது. சாமியார் போனில் சொல்லிவிட்டு அடுத்த அரைமணியில் நன்மையோடு வந்து நின்றார். மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவத்தி எல்லாம் அத்தை போட்டாள். சாமியார் மாமாவின் காதருகே குனிந்து, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். உங்கள் கல்யாணம் கல்யாணம்தான் ஐயா, இனிமேல் ஒரு தடையும் இல்லை என்றார். மாமா கண்ணை அகலத் திறந்து கேட்டார். பிறகு சாமியார் ஸ்பூனில் சில சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டு, அதில் அப்பத்தின் மிகச் சிறிய துணுக்கைக் கரைத்து வாயருகே கொண்டுபோனார்.

மாமா வாயை மூடிக்கொண்டார்.

பிடிவாதம் இல்லை அது. அத்தனை வருஷம் மூடியே பழகிய வாய். உதடு நடுங்கிற்று, திறக்கவில்லை. அம்மா விசும்ப ஆரம்பித்தாள். அத்தை கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்து, அவர் தாடையை உள்ளங்கையில் ஏந்தினாள்.

"இங்க பாருங்க. நான்தான் சொல்றேன். எனக்குக் கோவம் இல்ல. வாயத் தெறங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சாமியார் ஸ்பூனைச் சாய்த்தார். அத்தை அவர் தொண்டையை விரலால் மெல்லத் தடவிவிட்டாள். இறங்கிற்று. இருமல் வரவில்லை.

அதற்கப்புறம் அவருக்கு வேறு எதுவும் இறங்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கப் பூசைக்குக் கோயில் நிறைந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் முன்வரிசையில் உட்காரச் சொல்லி அத்தையைக் கெஞ்சினார்கள். "அவரு எங்க உக்காருவாரோ அங்கதான் உக்காருவேன்" என்று அவள் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். மாமாவின் வெள்ளைத் துண்டு அவள் மடியில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரசங்கத்தில் சாமியாரும் தங்கமான மனிதர் என்றுதான் சொன்னார். அவரை நான் மன்னித்துவிட்டேன்.

நன்மை நேரம் வந்தது. எல்லோரும் எழுந்து வரிசையில் நகர்ந்தார்கள். நான் போகவில்லை, என் கோபம் அப்படியே இருந்தது. ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு பழக்கத்தில் எங்கள் பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டாள். வந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. திரும்பவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் திகைத்தாள். அத்தை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"குடுத்துட்டுப் போம்மா" என்றாள்.

குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, மாமா நின்ற இடத்தில் நின்று, அத்தை முன்னால் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"இங்கேர்ந்து எல்லாரோட முதுகும்தாண்டி தெரியுது. இத்தினி வருஷமா இதத்தான் பாத்துக்கினு நின்னாரா?"